கைகள் காலையில் திரும்பத் தரப்படும்

பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்த காலத்தில், ஆற்றுக்கும் பெங்களூர் ரோட்டுக்கும் நடுவே தோல் வாடையோடு கிடந்த மேல்வாடிப்பட்டில், சுவர்ணபாதம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்கள் ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கையுறையைக் கழற்றியபோது, கையுறையோடு கையும் கழன்று வந்தது. வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, கை நின்றுபோன இடம் முழங்கால் முட்டியைப் போல வழவழவென்று மூடியிருந்தது. கழன்ற கைகள் கையுறைக்குள் இருந்தபடியே மெஷினில் கிடந்த தோலை இழுத்து, விட்ட தையலை விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கின. ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே மாட்டியிருந்த டேப்லெட்டில் பச்சை எழுத்தில் ஒரு வரி ஓடியது: கைகள் காலையில் திரும்பத் தரப்படும். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்த பஸ்ஸை விட்டால் வீட்டுக்கு வேறு பஸ் கிடையாது, ஆகவே எல்லோரும் போய் ஏறிக்கொண்டார்கள். ஏறாமல் நின்று அன்றைக்கே ஒரு சத்தம் போட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நீலவேணி. கல்யாணமாகி நாலு வருஷம் வேண்டாத சாமியில்லை, சுற்றாத அரசமரமில்லை என்று இருந்தவளுக்கு, வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்று அன்றைக்குக் காலையில்தான் உறுதியாகியிருந்தது. புருஷனிடம் வாயால் சொல்லக்கூடாது, அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்து அவனாகவே கண்டுபிடிக்கட்டும் என்று தையல் தைத்தபடியே நாளெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இப்போது மடியில் இரண்டு மொட்டை முனைகள் கிடந்தன.

"இன்னாக்கா இது, இப்டி வந்துகீது?" என்று பக்கத்தில் இருந்த மெஹருன்னிசாவிடம் கேட்டாள். அடுத்த மெஷினில் தைக்கிறவள், நீலவேணியைவிடப் பத்து வயது மூத்தவள், தையல் வரிசையில் எல்லோருக்கும் மெஹரு அக்கா.

"காலைல திரும்பக் குடுத்துருவாங்களாம்மே. எழுதி வுட்டுகீறாங்க இல்ல, பாக்கல?" என்றாள் மெஹரு அக்கா. சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கையில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் அந்த பஸ்ஸில்தான் பிறந்தது, பஸ் ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் எல்லோர் வாயிலும் ஏறிக்கொண்டது.

வீட்டில் சம்பத், தோல் மண்டியில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவன், கை போன விஷயத்தையும் பிள்ளை விஷயத்தையும் அவள் வாயாலேயே கேட்டு முதலில் சிரித்தான், பிறகு அழுதான், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டவன் அவள் கண்ணைத் துடைக்க அவளுக்குக் கையில்லை என்று உறைத்ததும் அவளுக்கும் துடைத்துவிட்டான். மறுநாள் காலையில் அவள் முழங்கையைக் கையுறைக்குள் விட்டபோது டிச் பட்டன் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது, கை வந்து ஒட்டிக்கொண்டது. ராத்திரி முழுக்கத் தைத்த அசதி அதில் அப்படியே இருந்தது.

கையுறை வந்த கதை சின்னதுதான். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவன் இன்னும் சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்றானாம், ஆகவே கம்பெனிக்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்க்கவேண்டும் என்று முடிவானது. தலைக்கு மேலே கேமரா, முகத்துக்கு எதிரே டேப்லெட், கையில் வெள்ளிக் கம்பி ஓடுகிற மெல்லிய கையுறை. கை எப்படிப் போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது, எல்லாம் உள்ளே பதிவாகும். கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற ஆபீசர் திலீபன் இதையெல்லாம் விளக்கிச் சொன்னான். திலீபன் நல்ல பையன். எல்லோரையும் சிஸ்டர் என்பான், கோபப்படமாட்டான், பேசும்போது குனிந்து கண்ணைப் பார்ப்பான். அதுதான் பிரச்சினை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் பெண்கள் என்றைக்கோ சண்டை பிடித்திருப்பார்கள்.

"இது ஒரு சின்ன அப்டேட், சிஸ்டர். டென்ஷன் ஆகாதீங்க. வீட்டுக்குப் போனா நீங்க ரெஸ்ட்தானே எடுக்கப் போறீங்க? அந்த நேரத்துல கை சும்மாதானே இருக்கும்?" என்றான்.

வீட்டுக்குப் போனால் பெண்பிள்ளையின் கை சும்மா இருக்கும் என்று சொன்ன வாயை என்ன செய்வது? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அதற்குள் டேப்லெட்டில் மணி அடித்துவிட்டது.

ஊர் இதை எப்படித் தாங்கிக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் தாங்கிக்கொள்ளவில்லை? கிணற்றுத் தண்ணீர் பழுப்பாக வந்தபோது கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டது, ஆறு வறண்டபோது ஆற்றுக்குள்ளேயே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டது, கை போனதையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. டீக்கடைக்காரர் சாயங்கால டீக்கு ஸ்ட்ரா போட்டார், அடுத்த வாரமே ஸ்ட்ராவுக்குத் தனிக்காசு கேட்டார். பள்ளிவாசல் இமாம், கை இருக்கிற இடம்வரை கழுவினால் தொழுகைக்கான ஒளு நிறைவேறும் என்று மெஹரு அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். அம்மன் கோயில் பூசாரி, முழங்கையைச் சேர்த்தாலும் கும்பிடுதான் என்றார். ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டியிருந்ததால் ரேகை எடுக்கிற மெஷினைக் கம்பெனி வாசலுக்கே தூக்கிவந்தார்கள், ஊரே அதைப் பெரிய முன்னேற்றம் என்றது. மளிகைக்கடையில் முழங்கையில் மாட்டிக்கொள்கிற ரப்பர் பட்டை வைத்த கரண்டி தொங்கியது. அதையே தொகுதிப் பிரமுகர் ஒருவர் தன் படத்தை ஒட்டி மேடை போட்டு இலவசமாகக் கொடுத்தார். வாங்கக் கையில்லாத பெண்களுக்குக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், ஆண்கள் கைதட்டினார்கள். டிவிக்காரர்கள் வந்து, இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று மைக்கை நீட்டினார்கள். மறுநாள் கிரிக்கெட் மேட்ச் இருந்ததால் அதற்கப்புறம் வரவில்லை. எல்லோரும் பேசி முடிக்கிற இடம் ஒன்றுதான்: காலையில் திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள் இல்லையா?

வீட்டு வேலை இனி ஆம்பிளைகள் தலையில் விழும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அது பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் தலையில் விழுந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன்மாருக்கு, குறுக்கே நீளுகிற கை இல்லாதது வசதியாகப் போயிற்று. இது எந்த டிவியிலும் வரவில்லை. கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையை முழங்கையால் அணைத்துக்கொண்டு பால் கொடுத்தார்கள், நழுவினால் தாடையால் பிடித்துக்கொண்டார்கள். அதை மட்டும் நீலவேணியால் பார்க்க முடியவில்லை. என் பிள்ளையை நான் தாடையாலா பிடிப்பேன் என்று கேட்டுக்கொண்டாள். பிரசவ லீவு வருகிறதே, லீவில் போகும்போது கையையும் கொண்டுபோய்விடலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். அந்த ஒரு நினைப்பில்தான் ஒவ்வொரு சாயங்காலமும் கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

சங்கத்துக்காரர் ராத்திரி வேலைக்குத் தனிச் சம்பளம் கேட்டு மனு கொடுத்தார். கம்பெனி மரியாதையாகப் பதில் போட்டது. ராத்திரி வேலை செய்தது நீங்கள் அல்ல, உங்கள் கை. கைக்கு ஈ.எஸ்.ஐ. நம்பர் இல்லை.

பிறகு இரும்புக் கைகள் வந்தன. ஹாலின் நடுவே கண்ணாடி அறை கட்டி, அதற்குள் வரிசையாக நட்டு வைத்தார்கள். தோள் இல்லை, முகம் இல்லை, கை மட்டும். அவற்றுக்கு வேலை கற்றுத்தர ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. பதிவையெல்லாம் புரட்டிப் பார்த்த கம்ப்யூட்டர் நீலவேணியின் கையைப் பொறுக்கி எடுத்தது. அவள் மெஷினைக் கண்ணாடி அறைக்குள் தள்ளிவைத்தார்கள். அவள் கை போகிற மாதிரியே இரும்புக் கைகள் போயின. இரும்புக் கைகளோடு நிறுத்தவில்லை, மற்றப் பெண்களின் கையுறைகளையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவள் கை திரும்பினால் ஹாலில் இருக்கிற அத்தனை கையும் திரும்பும்.

"இன்னும் கொஞ்ச நாள்ல கையுறைகூட வேணாம், சிஸ்டர். உங்க கை எங்க இருந்தாலும் இதுங்க ஃபாலோ பண்ணும். அவ்ளோ பழகிடுச்சு. நீங்கதான் இங்க எல்லாருக்கும் குரு" என்றான் திலீபன். அவனுக்கு அது பெருமையான விஷயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நீலவேணியின் காலில் கொசு கடித்தது. அடிக்கக் கையில்லாமல், உனக்கு ஒரு அறை விட்டால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள். மறுநாள் திலீபன் அவளைக் கூப்பிட்டு, நேற்றுச் சாயங்காலம் அவள் கை தோலை விட்டுவிட்டு மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தது என்றும், கூடவே அத்தனை கையும் அறைந்ததில் நிறையத் தோல் வீணாகிவிட்டது என்றும் சொன்னான்.

"ஏன் சிஸ்டர், வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"கொசு கடிச்சுது சார்."

திலீபன் அதை டேப்லெட்டில் ஏற்றினான். மறுநாள் எல்லோர் டேப்லெட்டிலும் புதிய வரி ஓடியது: பணியாளர்கள் பணி நேரத்துக்கு வெளியிலும் கோபத்தைத் தவிர்க்கவும். அதைப் படித்துவிட்டு மெஹரு அக்கா சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது.

வயிறு முன்னே தெரிய ஆரம்பித்ததும் மாமியார் பட்டம்மா வளைகாப்புக்கு நாள் பார்த்தாள். பட்டம்மா வாய்க்காரி. ஒரு காலத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் நின்று காலெல்லாம் வெந்துபோனவள். மருமகளுக்குச் சோறு ஊட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் ஊட்டுவாள், ஆனால் ஒரு பருக்கை கீழே சிந்தாது. நாள் பார்த்தாயிற்று, வளையல் வாங்கியாயிற்று, ஐந்து வகைச் சோறு கிளற ஆள் சொல்லியாயிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, வளையல் போட வீட்டில் மருமகளுக்குக் கையில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கையைத் தரச்சொல்லிக் கேட்டார்கள். குருவின் கையை நிறுத்தினால் ஹாலே நின்றுவிடும் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"அப்ப கை எங்க கீதோ அங்கயே போடுவோம், வாங்கடி" என்றாள் பட்டம்மா.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கேட்டில் நின்றவனைத் தள்ளிக்கொண்டு, தாம்பாளமும் சந்தனக் கிண்ணமுமாக அவள் உள்ளே வந்தாள். தையல் வரிசைப் பெண்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார்கள். கண்ணாடி அறைக்குள் இரும்புக் கைகளுக்கு நடுவே நீலவேணியை உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கையுறைக்கு மேலேயே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலை ஏற்றினார்கள். மெஹரு அக்கா தன் பங்குக்கு இரண்டு கருப்பு வளையல் போட்டு, காதோடு வாய் வைத்து ஒரு துஆ ஓதினாள். நீலவேணி கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள், வளையல் கலகலத்தது, வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. சுற்றியிருந்த இரும்புக் கைகளும் ஒன்றுமில்லாத மணிக்கட்டைத் தூக்கி ஆட்டின. எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிக்குள் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒருத்திக்கும் ஒன்று தோன்றவில்லை. பொழுது சாய்ந்து கையைக் கழற்றியபோது வளையலும் கையோடு கம்பெனியிலேயே நின்றுவிட்டது.

வெறும் முழங்கையோடு மருமகள் படியேறி வருவதைப் பார்த்த பட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சூல்வளையல் பிரசவம்வரைக்கும் பெற்றவள் கையில் கிடக்கவேண்டும், அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிள்ளை உள்ளே வளரும், அதைப் பாதியில் கழற்றினாலோ உடைத்தாலோ உருப்படாது. இது அந்த ஊரில் படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் தெரியும். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். புள்ளைக்குப் போட வேண்டியத போயி மெஷினுக்குப் போட்டுட்டு வந்துகீறேனே" என்று அன்றைக்கெல்லாம் புலம்பினாள்.

கம்பெனிக்கும் அந்த வளையல் தலைவலியாகப் போனது. தோலில் கீறல் விழும், பதிவில் சத்தம் விழும், வேலை நேரத்தில் வளையல் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நெட்டித் தள்ளிக் கழற்றப் பார்த்தால் புறங்கை தாண்டவில்லை, வெட்டித்தான் எடுக்கவேண்டும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளூர்க்காரன். கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு கண்ணாடி அறை வாசல்வரை போனவன், எனக்கும் வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள் சார் என்று திரும்பி வந்துவிட்டான். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்கள், அவன் அன்றைக்கு லீவு போட்டான். கடைசியில் திலீபனே போனான். அவனும் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைதானே, சூல்காரி வளையலை உடைக்கிறவன் குடும்பம் என்ன ஆகும் என்று அவன் அம்மாவும் அவனுக்குச் சொல்லித்தானே வளர்த்திருப்பாள்? அவனும் திரும்பி வந்தான். பெண்களின் கையைக் கழற்றிவைக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு கண்ணாடி வளையலை உடைக்கத் துணிச்சல் வரவில்லை. வளையல் சத்தத்தையும் வேலையின் ஒரு பகுதி என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டார்கள்.

மாதம் நெருங்கியது. லீவுக்கு எழுதிக்கொடுத்த அன்றைக்கு நீலவேணி கையைக் கழற்றவில்லை. கையுறையிலிருந்து உருவி எடுத்துக்கொள்ள வழி கேட்டுத் திலீபன் எதிரே போய் நின்றாள்.

"கையோட வூட்டுக்குப் போறேன் சார்."

திலீபன் வழக்கம்போலக் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தான். "சிஸ்டர், லீவு உங்களுக்கு சாங்ஷன் ஆயிடுச்சு. ஃபுல் சேலரி. ஆனா அது உங்க உடம்புக்குத்தான். கை பிரசவம் பாக்கப் போறதில்லையே? அது லீவுல இல்ல."

"புள்ளைய எத்தால தூக்குவேன் சார்?"

"வீட்ல மாமியார் இருக்காங்க, ஹஸ்பெண்ட் இருக்கார். எல்லாரும் சப்போர்ட் பண்ணுவாங்க. லீவு முடிஞ்சு வாங்க, கை இங்கயே பத்திரமா இருக்கும். உங்களை மாதிரி ஒரு குருவை நாங்க விட்டுடுவோமா?"

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கெட்டிக்காரத்தனம் இதுதான். நீலவேணி இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். டேப்லெட்டில் மணி அடித்தது, கையுறை தானாகவே இளகியது, கை கழன்றுகொண்டது. வளையலைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு அது தோலைத் தேடிப் போனது.

வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றில் பிள்ளை உதைப்பதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயம் துடிக்கிறது, எல்லாம் நார்மல் என்றார்கள். ஆனால் அசைவில்லை. வளையல் சத்தத்தைத் தேடுகிறது என்றாள் பட்டம்மா. வேறு வளையலை எடுத்துவந்து வயிற்றருகே ஆட்டிப் பார்த்தார்கள், சம்பத் தன் முரட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுகூட ஆட்டிப் பார்த்தான். பிள்ளை ஏமாறவில்லை.

நீலவேணி ஆற்றோரமாக நடந்து கம்பெனியின் பின்பக்கம் போனாள். கண்ணாடி அறை அந்தப் பக்கச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. சூடேறிக் கிடந்த காம்பவுண்டுச் சுவரில் வயிற்றைச் சேர்த்துவைத்து நின்றாள். உள்ளே தன் கையின் வளையல் சத்தம் சன்னமாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை உதைத்தது. அன்றிலிருந்து தினமும் போனாள். ஆடு மேய்க்கிறவர்களும் ஆற்றில் கிரிக்கெட் ஆடுகிறவர்களும் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவள் நிற்கிற இடத்தில் வெயிலுக்கு ஒரு ஓலைத் தட்டி கட்டிக்கொடுத்தார்கள். ஊர் இதையும் பழகிக்கொண்டது! சுவரை உடைக்கலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை, தட்டி கட்டிக்கொடுக்கத்தான் தோன்றியது. ஒருநாள் செக்யூரிட்டி வந்து, லீவில் இருக்கிறவர்கள் கம்பெனிச் சுவரைத் தொடக்கூடாது என்றான்.

"உள்ள கீறதும் நான்தாண்டா. என்னைப் பாக்க நான் வரக்கூடாதா?" என்று கேட்டாள் நீலவேணி. அவள் அதுவரை யாரையும் டா போட்டுப் பேசியதில்லை. செக்யூரிட்டி வந்த வழியே போய்விட்டான்.

வலி ஒரு மத்தியானம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்கவைத்து, "கம்பியைக் கெட்டியாப் புடிச்சுக்கோம்மா, மூச்சைப் புடிச்சு முக்கு" என்றாள் நர்ஸ். பிடிக்க எதுவும் இல்லை. இரண்டு முழங்கையும் காற்றில் துழாவின. பெற்றுப் பிழைத்த ஒவ்வொருத்தியும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் பெற்றாள், கட்டில் கம்பியையோ தாயின் முந்தானையையோ பக்கத்தில் நின்றவள் மயிரையோ. இவளுக்கு அதுவும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு வந்தது, மாதக்கணக்காக வாயில் வராமல் நெஞ்சில் நின்ற கோபம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. எங் கையக் குடுங்கடா என்று அவள் போட்ட கூச்சலில் வராந்தாவில் நின்ற சம்பத் கதவருகே ஓடிவந்துவிட்டான்.

அதே நேரத்தில் கம்பெனிக் கண்ணாடி அறையில் வளையல் போட்ட இரண்டு கைகளும் தோலை விட்டுவிட்டு இறுக மூடிக்கொண்டன. இரும்புக் கைகள் மூடின. ஹாலில் தைத்துக்கொண்டிருந்த பெண்களின் கையுறைக்குள் அவரவர் கைகளும் மூடிக்கொண்டன. ஊசிகள் காற்றில் குத்தி நின்றன. டேப்லெட்டெல்லாம் சிவப்பாக மாறி அலறின. திலீபன் ஓடிவந்து ஒவ்வொரு திரையாகத் தட்டிப் பார்த்தான். மூடிய கை திறக்கவில்லை, நெரித்தது, இன்னும் நெரித்தது, அந்த நெரிசலில் கையுறைகளின் வெள்ளிக் கம்பி ஒவ்வொன்றாகத் தெறித்தது. பிறகு எல்லாக் கையும் ஒன்றாகத் தளர்ந்து விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒன்றோடொன்று அணைந்து, எதையோ வாங்கிக்கொள்வது போல நீண்டன. வாங்கிக்கொண்டு மெல்ல ஆடத் தொடங்கின. பெண்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள். பிள்ளை தூக்கியவளுக்கு அந்த ஆட்டம் தெரியாதா?

"பொறந்துச்சுடி!" என்று கத்தினாள் மெஹரு அக்கா.

அறுந்த கையுறையைக் கிழித்து எறிந்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தவள், ஒன்றுமில்லாததைத் தாலாட்டிக்கொண்டிருந்த இரும்புக் கைகளுக்கு நடுவே, நீலவேணியின் கைகளை வளையலோடு எடுத்துத் துப்பட்டாவில் ஏந்திக்கொண்டாள். மற்றப் பெண்களும் கையுறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்தார்கள். ஹாரனும் மணியும் இல்லாமல் அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. கேட்டில் செக்யூரிட்டி மறித்தான்.

"கேட் பாஸ் இல்லாம கம்பெனிப் பொருள் வெளிய போகக் கூடாதும்மா."

"பொருளாடா இது? ஆளுடா. தள்ளு" என்றாள் மெஹரு அக்கா. அவன் துப்பட்டாவைப் பார்த்தான், அதில் இரண்டு கைகள் ஆடிக்கொண்டிருந்தன, தள்ளிக்கொண்டான்.

ரோட்டோரமாக நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். வார்டுக்குள் கையைக் கொண்டுபோய் முழங்கையோடு சேர்த்தபோது டிச் பட்டன் சத்தம் வரவில்லை, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல ஒட்டிக்கொண்டது. நீலவேணி பிள்ளையைத் தூக்கினாள். பெண்பிள்ளை. வளையல் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது. பட்டம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போது திலீபன் வந்தான். ஒரு கையில் ஆப்பிள் பை, ஒரு கையில் டேப்லெட். கட்டிலருகே வந்து வழக்கம்போலக் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தான்.

"வாழ்த்துகள் சிஸ்டர். லக்ஷ்மி பொறந்திருக்கா. பரவால்ல, இன்னைக்கு நீங்களே வெச்சுக்கோங்க, நான் மேல பேசிக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "காலையில திரும்பக் குடுத்துடுவீங்க இல்ல?"

அந்த வாக்கியத்தை அத்தனை மாதமாக டீக்கடையிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் படுக்கையிலும் சொல்லிச் சொல்லி வாழ்ந்தவர்கள்தான் சுற்றி நின்றார்கள். இப்போது அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததும் அதன் நாற்றம் எல்லோருக்கும் அடித்தது.

நீலவேணி பிள்ளையை மாமியாரிடம் நீட்டினாள். அந்த அறை நியாயமாகப் போய்ச் சேரவேண்டிய கன்னம் எங்கோ பெரிய ஊரில் கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. அந்தக் கன்னம் என்றைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே வந்திருந்த கன்னத்தில் விட்டாள். ஓங்கி விட்டாள். மாதக்கணக்கில் எவனும் தொடத் துணியாத வளையல்கள், பச்சையும் சிவப்பும் மெஹரு அக்காவின் இரண்டு கருப்பும், அவன் தாடையில் பட்டுப் படபடவென்று நொறுங்கி டேப்லெட்டின் மேல் கொட்டின.

எல்லோரும் பதறிப்போய்ப் பட்டம்மாவைப் பார்த்தார்கள்.

"புள்ள பொறந்தாச்சு இல்ல, இனிமே ஒடையலாம்" என்றாள் பட்டம்மா.

சுவர்ணபாதத்தில் அந்த நேரம் சூப்பர்வைசரும் செக்யூரிட்டியும் தவிர ஆளில்லை. தாலாட்டிக்கொண்டிருந்த இரும்புக் கைகள் எல்லாம் ஒருகணம் நின்றன என்றும், ஒன்றாக மேலே எழுந்தன என்றும், அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தபடியால் அவள் விட்ட அதே வேகத்தில் ஒரே ஒரு அறை விட்டன என்றும் அவர்கள் பின்னால் சொன்னார்கள். கண்ணாடி அறை பொலபொலவென்று உதிர்ந்தது. கேமராக்கள் விழுந்தன. டேப்லெட்டுகள் வரிசையாக வெடித்து, பச்சை வரி ஓடுவது நின்றது.

வார்டில் திலீபனின் போன் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. கன்னத்தைத் தடவுவதா போனை எடுப்பதா என்று தெரியாமல் அவன் வளையல் துண்டுகளுக்கு நடுவே நின்றான்.

"சிஸ்டர்…" என்றான்.

நீலவேணி பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் மூடி, தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் வேணும்னா காலைல வா" என்றாள்.